மட்டாஞ்சேரி சினகாக்: சேலத்திலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்க்கத் தகுந்ததா?

போகலாம். வெள்ளி, சனியில் மட்டும் வேண்டாம். காலாண்டுப் பரீட்சை லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதென்றால், டிக்கெட் போடும் முன் யூதர் பண்டிகைத் தேதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீலப்பூ போட்ட சீன டைல்ஸைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், அதற்காக ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் (யூதர் குடியிருப்பு) தெருவின் கோடியில் நிற்கிறது பரதேசி சினகாக் என்ற யூதர் தொழுகைக் கூடம். 1568-இல் கட்டியது. காமன்வெல்த் நாடுகளில் இன்னும் வழிபாட்டில் இருக்கும் சினகாக்குகளில் மிகப் பழையது என்று சொல்வார்கள். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு முதலில் வருவது ஏமாற்றம்தான், ஏனென்றால் கட்டிடம் சின்னது. செவ்வாய்ப்பேட்டைக் கல்யாண மண்டபத்துப் பந்திக் கூடம் இதைவிடப் பெரிதாக இருக்கும். தாராமங்கலம் கைலாசநாதர் கோயிலில் தூண் தூணாக நின்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெளிச்சுவரில் சிற்பம் எதுவும் கிடைக்காது. வெள்ளையடித்த சுவர், ஓட்டுக் கூரை, அவ்வளவே. வந்தவர்களில் பெரும்பாலோர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்து போனால் முக்கால் மணி நேரம் போதாது.

முதலில் நாள் கணக்கு, இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். யூதர்களுக்கு ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறையும்போது தொடங்கி சனி இருட்டும்வரை நீளும். ஆகவே சனிக்கிழமை பார்வையாளர்களுக்குக் கதவு திறக்காது, வெள்ளியையும் நம்ப முடியாது. நடக்கும் தூரத்தில் இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. வெள்ளி ராத்திரி ரயிலேறி சனிக்கிழமை அங்கே இறங்குவது சேலத்துக்காரர்களின் வழக்கமான வார இறுதித் திட்டம். இந்த ஊருக்கு அது சரிவராது. சனி ராத்திரி ஏறி ஞாயிறு பார்ப்பதே சரி.

அடுத்தது பண்டிகைகள். யூத நாட்காட்டி பிறையை ஒட்டியது என்பதால் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஆனாலும் புத்தாண்டு, யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகை, சிம்ஹத் தோரா எல்லாம் செப்டம்பர், அக்டோபரில் மூன்று நான்கு வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடும். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் வருவது அதே வாரங்களில்தான். பஸ்கா பண்டிகை மார்ச், ஏப்ரலில், பெரும்பாலும் புனித வெள்ளியை ஒட்டி. இந்த நாட்களில் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

மற்ற நாட்களில் காலை பத்து முதல் ஒரு மணி, மதியம் மூன்று முதல் ஐந்து என்பது வழக்கமான நேரம். நடுவில் இரண்டு மணி நேரம் பூட்டிவிடுவார்கள். பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் அவசர அவசரமாகச் சுற்றிவிட்டு வர வேண்டியதுதான். பத்துக்குக் கதவு திறக்கும்போதே நின்றால் சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் கூடம் உங்களுக்குக் கிடைக்கும். கட்டணம் மிகக் குறைவு. ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விட வேண்டும், பையையும் உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை இரண்டுக்கும் அனுமதி இல்லை; ஏற்காட்டு ரிசார்ட் உடுப்போடு நேராகப் போனால் வாசலோடு சரி. உள்ளே படம் எடுக்கக் கூடாது. கைபேசியை எடுத்தாலே குரல் வரும், அந்தக் கண்டிப்பு சரியானதே.

குறை எங்கே என்றால், காட்டும் விதத்தில். விளக்கப் பலகைகள் மிகக் குறைவு. முன்னால் ஒரு அறையில் கேரள யூதர் வரலாற்றைச் சொல்லும் ஓவியங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. 1968-இல் நானூறாம் ஆண்டு விழா நடந்தபோது தீட்டியவை. அந்த விழாவுக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார், தபால் தலையும் வெளியிட்டார்கள். ஓவியங்கள் கலையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் அடுத்து பார்க்கப்போவதற்கு அட்டவணை அவைதான், தாண்டிப் போய்விடாதீர்கள். கட்டிடத்துக்கு முழு மதிப்பெண், காட்டும் விதத்துக்குப் பாதி.

இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது, இல்லாவிட்டால் கட்டிடம் பேசாது. ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து விரட்டப்பட்டு வந்த யூதர்களும் மேற்காசியாவிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து கட்டியது இது. வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால் பரதேசிகள். இவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே கேரளத்தில் இருந்தவர்கள் மலபார் யூதர்கள். அவர்களுக்குத் தனியாகப் பல சினகாக்குகள் உண்டு. கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். அரண்மனைக் கோயிலும் சினகாக்கும் இன்றும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. போர்ச்சுக்கீசியர் கை அவ்வளவு எளிதாக எட்டாத இடம் என்பதே அதன் பொருள். 1662-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடிக்க வந்தபோது யூதர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். முற்றுகை தோற்றது. பழிவாங்க வந்த போர்ச்சுக்கீசியர் சினகாக்கை நாசம் செய்தார்கள். மறு ஆண்டே டச்சு ஆட்சி வந்துவிட, இரண்டொரு ஆண்டில் திரும்ப எழுப்பினார்கள். ஆகவே 1568 என்று பலகையில் படித்தாலும், கண்முன் நிற்பதில் பெரும்பகுதி டச்சுக் காலத்தது. மணிக்கூண்டும் டைல்ஸும் அந்த மறுகட்டுமானத்துக்கும் ஒரு நூற்றாண்டு பிந்தியவை.

அவை இரண்டும் ஒரே மனிதர் செய்வித்தவை: எசக்கியேல் ரஹாபி. டச்சுக் கம்பெனிக்குக் கொச்சியில் வியாபாரம் பார்த்த பெரும் வணிகர். மணிக்கூண்டு 1760. வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போங்கள், திரும்பும்போது கூட்டத்தில் மறந்துவிடும். அதன் முகப்புகளில் எண்கள் வேறு வேறு எழுத்தில் இருக்கின்றன: ஒன்றில் ரோமன், ஒன்றில் எபிரேயம், ஒன்றில் மலையாளம். ராஜாவின் ஆட்களும் தெருவில் வரும் வியாபாரிகளும் தொழ வருகிறவர்களும் அவரவர் எழுத்தில் மணி பார்த்துக்கொள்ளலாம். மலையாள எண்கள் என்றால் இன்றைக்குப் பெரும்பாலான மலையாளிகளுக்கே படிக்க வராத பழைய எண்கள். நம் தமிழ் எண் தெரிந்தவர்களுக்குச் சாடை பிடிபடும். பாழடைந்து கிடந்த கூண்டை உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற அமைப்பு சீர்செய்து கொடுத்தது.

இனி டைல்ஸ். காண்டனிலிருந்து கப்பலில் வந்த, கையால் தீட்டிய நீல வெள்ளைப் பீங்கான் சதுரங்கள். 1762-இல் பதித்தார்கள். ஆயிரத்து நூறு சதுரம், ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று வழிகாட்டிகள் ஒப்பிப்பார்கள். குனிந்து பக்கத்துச் சதுரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். மாறுவது தூரிகையின் கைப்போக்கு; இலை ஒன்றில் தடித்திருக்கும், இன்னொன்றில் மை கசிந்திருக்கும். அதுவே அழகுதான், அதற்கு மேல் கதை தேவையில்லை. வெறுங்காலோடு நடக்கும்போது விளிம்பு தேய்ந்த இடங்கள் பாதத்துக்குத் தட்டுப்படும். செருப்பு கழற்றுவது உலகத்துச் சினகாக்குகளில் பொதுவான வழக்கம் இல்லை, இந்த மண்ணில் ஒட்டிக்கொண்ட பழக்கம். டைல்ஸ் இவ்வளவு காலம் தாங்கியதில் அதற்கும் பங்கு இருக்க வேண்டும்.

தலையை நிமிர்த்துங்கள், விஷயம் மேலே இருக்கிறது. கூடத்தின் நடுவில் பித்தளைக் கைப்பிடி சுற்றிய ஒரு மேடை. யூத வேதமான தோராவை வாசிப்பது இங்கே நின்றுதான். கொச்சி யூதர் இதைத் தேவா என்பார்கள். மேடை நடுவில், பெஞ்சுகள் சுவரை ஒட்டி என்பது ஸ்பெயின் வழி வந்த யூதர்களின் அமைப்பு, பல நாடுகளில் பார்க்கலாம். ஆனால் நுழைந்த வாசலுக்கு மேலே திரும்பிப் பார்த்தால், தூண் தாங்கிய மாடத்தில் பித்தளைக் கம்பி போட்ட இன்னொரு மேடை தெரியும். இந்த இரண்டாவது தேவா கேரளச் சினகாக்குகளுக்கே உரியது. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் வாசிப்பு மேலே, சாதாரண நாளில் கீழே. மேல் மேடைக்கு நேர் பின்னால் மரத்தடுப்புக்கு அப்பால் பெண்கள் உட்காரும் பகுதி. அதாவது விசேஷ நாளில் வேதம் வாசிக்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவர்கள் பெண்கள். இந்த ஏற்பாட்டை வேறெங்கும் காண்பது அரிது. சேலத்திலிருந்து வந்த செலவு நியாயமாவது இந்த இடத்தில்தான். பார்வையாளர்களை மாடிக்கு விடுவதில்லை. நடு மேடையைத் தாண்டிப் போய், தோராச் சுருள்கள் வைக்கும் பேழைப் பக்கமாக நின்று திரும்பினால்தான் மாடம் முழுக்கத் தெரியும். பலர் நுழைந்த முகத்தோடு டைல்ஸைப் பார்த்து, பேழையைப் பார்த்து, அப்படியே வெளியேறி இதைத் தவறவிடுகிறார்கள்.

பேழை மேற்குச் சுவரில். இந்தியாவிலிருந்து எருசலேம் மேற்கே என்பதால் தொழுகைத் திசை அது. செதுக்கிய மரம், சிவப்பும் தங்கமுமாக வண்ணம். தோராச் சுருள்களும், திருவிதாங்கூர் மன்னர் 1805-இல் கொடுத்த பொன் கிரீடமும் உள்ளே இருப்பவை. சாதாரண நாளில் திரை போட்டிருக்கும், திறந்து காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி கொடுத்த கம்பளமும் இந்தச் சினகாக்குக்குச் சொந்தம். கூரையிலிருந்து பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகளும் வண்ணக் கண்ணாடி எண்ணெய் விளக்குகளும் தொங்குகின்றன. விளக்குகளில் கண் போனதும் சன்னலை மறந்துவிடுவோம். சன்னலில் சுவரின் கனத்தைப் பாருங்கள்: வெட்டுக்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. இந்தச் செம்பாறை வெட்டும்போது மெதுவாக இருந்து காற்றுப் பட்டதும் இறுகும், ஆனால் நுண்துளை நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும், ஆண்டுக்கொரு வெள்ளையடிப்பில் சமாளிக்கலாம். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு தோலுரிந்து, கல்லே பொடியத் தொடங்கும். கூரை செங்குத்தாகச் சரிவதும் தாழ்வாரம் நீண்டு வெளியே வருவதும் அதே காரணத்துக்குத்தான், மழையைச் சுவரில் படாமல் தள்ள.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி அதே தெருவின் தெற்குக் கோடியில் இருக்கிறது. மலபார் யூதர்களின் கடவும்பாகம் சினகாக், 1544-இல் கட்டியது, பரதேசியைவிட மூத்தது. 1950-களில் அவர்கள் கூட்டமாக இஸ்ரேல் போனபின் கிடங்காகக் கிடந்தது. உள்ளே இருந்த செதுக்கு மரவேலையை 1991-இல் கழற்றிக்கொண்டுபோய் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்திவிட்டார்கள். இங்கே எஞ்சியிருந்த சுவர்களில் முகப்பு 2019 செப்டம்பர் மழையில் சரிந்தது. பரதேசிக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்தக் கோடிவரை நடப்பதில்லை. நடங்கள், சில நிமிடந்தான்.

வெளி முற்றத்துச் சுவரில் பதித்திருக்கும் எபிரேயக் கல்வெட்டையும் கேட்டுப் பாருங்கள். கொச்சங்காடியில் 1344-இல் எழுந்து பின்னர் மறைந்துபோன சினகாக்கின் கல் அது. பரதேசியைவிட இரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது இந்தக் கல். யாரும் தானாகக் காட்டுவதில்லை.

செப்பேட்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கி.பி. 1000-ஐ ஒட்டி சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்து, இசுப்பு இறப்பான் என்று செப்பேடு சொல்லும் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த உரிமைப் பட்டயம் இந்தச் சினகாக்கின் உடைமை. வட்டெழுத்தில் பொறித்தது. பார்வைக்கு வைப்பதில்லை; அதைப் பார்க்கவென்றே போகாதீர்கள், முன்னறை ஓவியத்தோடு சரி. வாசகம் அச்சில் கிடைக்கிறது, படித்துவிட்டுப் போனால் நல்லது: பகல்விளக்கு, பாவாடை (நடைவிரிப்பு), அந்தோளகம் (பல்லக்கு), குடை, வடுகப்பறை, காகளம் (ஊதுகொம்பு), தோரணம் என்று போகும் மரியாதைகளும் எழுபத்திரண்டு விடுபேறும் (உரிமைகளும்). நம் பக்கத்துக் கோயில் கல்வெட்டு படித்தவர்களுக்கு உரை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டாம்.

இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்: ஏ. பி. சேலம். நம் ஊருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது எபிரேயப் பெயர். வழக்கறிஞர், காங்கிரஸ்காரர். விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சம் என்று பரதேசி யூதர்கள் ஒதுக்கி வைத்த பிரிவில் பிறந்தவர். அந்தப் பிரிவினருக்குக் கூடத்துப் பெஞ்சில் உட்கார உரிமை இல்லை. முன்னறையிலோ தரையிலோ இருக்க வேண்டும். காந்தி வழியில் அதை எதிர்த்து நின்று மாற்றிக் காட்டினார், 1967-இல் காலமானார். கூடத்துக்கு முன்னால் இருக்கும் அந்த அறையைக் கடக்கும்போது இதையும் சேர்த்துக் கடந்தால் கட்டிடத்தின் வரைபடம் வேறு மாதிரி தெரியும். சாதி நம் பக்கத்துச் சரக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது புது விஷயமாக இருக்கலாம்.

தெருவில் கடைகள். பழம்பொருள் என்று விற்பதில் பெரும்பகுதி புதிதாகச் செய்து பழுப்பேற்றியது, விலை மட்டும் பழமையானது. வெள்ளி நகை இங்கே வாங்குவதற்கு, கொலுசு செய்து நாட்டுக்கே அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. மிளகும் அப்படியே, சேர்வராயன் மலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகை ஏற்காட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஏலக்காய் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம். ஆட்டோக்காரர் தானாகக் கூட்டிப்போகும் பெரிய கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு. இறங்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

போகும் வழி. திருவனந்தபுரம் மெயில் நள்ளிரவை ஒட்டிச் சேலம் ஜங்ஷன் வந்து விடியலில் எர்ணாகுளம் டவுன் சேரும். நள்ளிரவை ஒட்டி வரும் எந்த ரயிலுக்கும் தேதியை இருமுறை சரிபாருங்கள்; பன்னிரண்டு தாண்டிவிட்டால் அடுத்த நாள் தேதிக்குத்தான் டிக்கெட் போட வேண்டும், இதில் ரயிலைத் தவறவிடுவோர் உண்டு. ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊரின் மறுகோடியில் சூரமங்கலம் போக வேண்டும். மாலையே இறங்கிவிடுவது உத்தமம். எர்ணாகுளத்தில் ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சி போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் பாலத்து நெரிசல் மிச்சம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட்வரை மழை வெளுத்து வாங்கும், டிசம்பர், ஜனவரியே வசதி.

கட்டிடக்கலைக்காகவே போகிறவர்கள் பரதேசியோடு நிறுத்தக் கூடாது. கேரளச் சினகாக்கின் முழு வரிசை வடக்கு பறவூரில்தான் கெடாமல் இருக்கிறது: மாடி வைத்த படிப்புரை (வாசல் கட்டிடம்), அதிலிருந்து தூண் வரிசையோடு நீளும் நடை, முற்றம், முன்னறை, அதன்பின் கூடம். ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இழுக்கும் அமைப்பு. நம் கோயில் பிரகாரத்தில் நடந்து பழகிய கால் அதை உடனே புரிந்துகொள்ளும். பேழை மட்டும் நகல், அசல் இஸ்ரேலில். கொஞ்ச தூரத்தில் சேந்தமங்கலம் சினகாக், வாசலில் சாரா என்ற பெண்ணின் 1269-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. இரண்டும் இன்று முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின் அருங்காட்சியகங்கள், திங்கள் விடுமுறை. பரதேசியில் கீழிருந்து மட்டுமே பார்த்த மேல் மேடையின் அளவும் தச்சு வேலையும் இங்கே நிதானமாக விளங்கும். பறவூர் பார்த்துவிட்டு ரயிலேற எர்ணாகுளம் திரும்பத் தேவையில்லை, ஆலுவாய்க்குப் பஸ் உண்டு. சேலம் பக்கம் வரும் பல ரயில்கள் ஆலுவாயில் நிற்கும். திரும்பும் டிக்கெட்டை அங்கிருந்தே போட்டுக்கொண்டால், காலையில் மட்டாஞ்சேரி, மதியத்துக்கு மேல் பறவூர், இரவு ரயில் என்று ஒரே நாளில் முடியும். அருங்காட்சியகங்கள் மாலை ஐந்துக்கு மூடுவதை மட்டும் கணக்கில் வைத்து, மட்டாஞ்சேரியை விட்டுப் பன்னிரண்டுக்குள் கிளம்பிவிட வேண்டும்.